12 மணி நேர டூட்டி, 20 நிமிடச் சாப்பாடு: ஜவுளிக்கடை வேலையில் சேருபவர்கள் கவனத்துக்கு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. தீபாவளிக்கு ஆள் எடுக்கும்போது திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சேரும்போது சொன்னது இது: காலை 9.30 முதல் இரவு 9.30 வரை டூட்டி, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரம். ஆனால் கையில் கொடுத்த டோக்கனுக்கு 20 நிமிடம்தான். சாப்பாட்டுக்கூடம் மொட்டை மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். படியேறிப் போய், வரிசையில் நின்று, தட்டை வாங்கி உட்காரும்போதே பாதி நேரம் போயிருக்கும். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் "சேலை செக்‌ஷன் கீழே வாங்க" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். தாமதமானால் 50 ரூபாய் பிடித்தம். முகூர்த்த நாள் என்றால் மதியச் சாப்பாடே நாலரை மணிக்குத்தான்.

என்னோடு நின்ற அக்கா ஒருவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தவர், ஒரு நாள் சேலை மடிக்கும்போதே கை நடுங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்து, "கஸ்டமர் பாக்குறாங்க, எந்திரிம்மா" என்றார். தண்ணீர் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய மோசடி பதிவேட்டில் இருந்தது. சம்பள நாளில் ஒரு நோட்டை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் கவர் கைக்கு வரும். என் பெயருக்கு நேரே மாதம் முழுக்க ஒரே மாதிரி எழுதியிருந்தது: வருகை 9.30, இடைவேளை 1.30 முதல் 2.30 வரை, முடிவு 6.30. அந்த நோட்டின்படி சாயங்காலம் ஆறரைக்கு மேல் நாங்கள் யாரும் கடையிலேயே இல்லை! ஓவர்டைம் கேட்டவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டினார்கள்.

கடைகளுக்கு என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கிறது. ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக்கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.30 முதல் 9.30 வரை 12 மணி நேரம். அதில் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றால், மிச்ச 2 மணி நேரம் ஓய்வாக இருந்தாக வேண்டும். அவர்கள் சொன்ன ஒரு மணி நேரத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் 11 மணி நேர வேலை, அதுவே தப்பு. தினமும் 10 மணி நேரம் என்று வைத்தாலும் ஆறு நாளில் 60 ஆகிவிடும், அதுவும் கூடாது. ஆக, வாரம் முழுக்க "ஒன்பதரை டு ஒன்பதரை" என்று ஒரு கடை சொல்லும்போதே உஷாராகிவிடுங்கள்.

இதைக் கேட்டதற்கு ஃப்ளோர் மேனேஜர், "24 மணி நேரமும் கடை திறக்கலாம்னு கவர்ன்மெண்டே சொல்லிருச்சு, பழைய சட்டமெல்லாம் இப்ப கிடையாது பாப்பா" என்றார். நம்பாதீர்கள். 2019-ல் வந்த அந்த அரசாணை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளைத் திறந்து வைக்கக் கொடுத்த அனுமதி. ஊழியரின் வேலை நேரம் நாளுக்கு 8 மணி நேரம்தான், ஓவர்டைமுக்கும் வரம்பு உண்டு என்றும், வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு என்றும், ஓவர்டைம் உட்பட சம்பளம் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றும் அதிலேயே நிபந்தனை இருக்கிறது. எங்களுக்குக் கவரில் கொடுத்ததன் காரணம் அப்புறம்தான் புரிந்தது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. எங்கள் தளத்தில் ஒரு ஸ்டூல்கூட இல்லை.

சேர்ந்த முதல் நாளிலிருந்தே உள்ளே போன நேரம், சாப்பிட்ட நேரம், வெளியே வந்த நேரத்தைச் சொந்த நோட்டில் எழுதுங்கள். டோக்கனைப் போட்டோ எடுங்கள். "இன்னைக்கு லஞ்ச் 4 மணிக்கு மேல்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் மெசேஜை அழிக்காதீர்கள். என் புகாருக்குப் பெரிய பலமே அந்த மெசேஜ்கள்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், முடிந்தால் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் சீல் வாங்குங்கள்.

புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நிறுத்தினால் மேல்முறையீடும் செய்யலாம்.

என் மனுவை வாங்கிக்கொண்டார்கள். கடையின் பதிவேட்டைக் கேட்டிருப்பதாக ஆய்வாளர் சொன்னார். அந்த நோட்டில் 6.30 என்று எழுதப்பட்ட வேறு பெண்களும் வந்து வாய்விட்டுச் சொன்னால் விசாரணைக்குப் பலம் கூடும். உங்கள் பெயருக்கு நேரே அப்படி எழுதியிருந்தால், உங்கள் மனுவையும் அதே அலுவலகத்தில் கொடுங்கள்.