ஆறு வார ஆசிரியர் பயிற்சி: முதல் நான்கு வாரங்களுக்காகச் சேரலாம்

கற்றலில் இடர்ப்படும் குழந்தைகளுக்குக் கற்பிப்பதையும் வகுப்பறையை நடத்துவதையும் சேர்த்தே சொல்லித் தருவதாக அறிவிக்கப்பட்டிருந்த ஆறு வார இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரத்துக்கு ஒன்றரை மணி நேர அமர்வுகள் இரண்டு. அவற்றில் கற்றதை நம் வகுப்பிலேயே செய்துபார்த்து எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சி ஒன்று. 34 பிள்ளைகள் படிக்கும் மூன்றாம் வகுப்பை நடத்திக்கொண்டே இதில் கலந்துகொண்டேன். கற்றல் குறைபாடு பற்றிய முதல் நான்கு வாரங்களைத் தொடக்க வகுப்பு ஆசிரியர் எவரும் தவறவிடக் கூடாது என்பதும், வகுப்பறை மேலாண்மை பற்றிய கடைசி இரண்டு வாரங்கள் அந்த நான்கு வாரங்களையே மறந்துவிட்டன என்பதும் என் மதிப்பீடு.

முதல் வாரப் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என் வகுப்பைப் பார்க்கும் விதத்தை மாற்றியது அதுதான். நமக்குத் தொல்லை தரும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நாள்களுக்கு, அந்தப் பிள்ளை எப்போது இடத்தை விட்டு எழுகிறது, அதற்கு முந்தைய நிமிடத்தில் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் குறிக்கச் சொன்னார்கள். என் வகுப்பில் எந்நேரமும் பென்சில் சீவக் குப்பைத்தொட்டிக்குப் போகும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனை நான் அடங்காதவன் என்றே எண்ணியிருந்தேன். குறித்துப் பார்த்தபோது, வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கும் நேரத்தில், தன் முறைக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே அவன் எழுந்துவிடுவது தெரிந்தது. எழ முடியாத நாளில், தலைகளை எண்ணித் தனக்கு வரப்போகும் பத்தி எது என்று கணக்கிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் மெல்லக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மனக்கணக்கு நேரத்தில் அந்த வாரம் முழுவதும் ஒருமுறைகூட அவன் இடத்தை விட்டு எழவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவனைக் கண்டித்து வந்த நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

இரண்டாம் வாரத்தில் பயிற்றுநர் ஒரு பழைய குறிப்பை எடுத்துக்காட்டினார். 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், அறிவுக்கூர்மை மிக்க, கணக்கில் தேர்ந்த, ஆனால் எவ்வளவு முயன்றும் வாசிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிவிட்டு, தவறு நேர்ந்ததை உணராதிருந்தான். எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். கற்றல் குறைபாடு என்ற பொதுப்பெயர் 1963-இல் சாமுவேல் கிர்க் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பெற்றோர் கூட்டமொன்றில் பேசிய பிறகே பரவலான வழக்குக்கு வந்தது. பெயர் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே அத்தகைய பிள்ளைகள் வகுப்பறைகளில் இருந்திருக்கிறார்கள் என்பதை இவ்வளவு எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பயிற்சியின் உண்மையான பலம் தமிழ் எழுத்துகளை வைத்து நடத்தியதுதான். ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் 1930-களில் ஆங்கில வாசிப்புக்காக உருவாக்கிய, கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்தும் முறையைப் பல பயிற்சிகள் அப்படியே ஒப்பிக்கும். இவர்களோ நம் எழுத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று தேடியிருக்கிறார்கள். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அது குறிக்கும் எகர ஒலி மெய்யொலிக்குப் பின்னால்தான் பிறக்கிறது. ‘கொ’ என்பதிலோ ஒரே உயிரொலிக்காக எழுத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. கல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியையும் ஒலியாக மாற்ற முயலும் பிள்ளைக்கு இவை எவ்வளவு பெரிய சுமை என்பதை, சரளமாக வாசிக்கும் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

குறில் நெடில் குழப்பத்துக்கு அவர்கள் காட்டிய வழி ஒரு சாதாரண ரப்பர் வளையம். பிள்ளை இரண்டு விரல்களிலும் வளையத்தை மாட்டிக்கொண்டு, ‘கல்’ என்னும்போது தளர்வாக வைத்திருக்க வேண்டும். ‘கால்’ என்னும்போது ஒலி நீளும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு துணைக்காலை மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே அதே ஒலியைச் சொல்ல வேண்டும். பல், பால், படம், பாடம், விடு, வீடு என்று பத்து நாள்கள் இதைச் செய்த பின், என் மாணவி ஒருத்தி சொல்வதெழுதும் நேரத்தில் எழுதுவதற்கு முன் மேசைக்கு அடியில், வளையம் இல்லாமலே, இரு விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு எழுதினாள். அன்று அவள் நெடிலில் ஒரு பிழையும் விடவில்லை.

தவறான நம்பிக்கைகளைக் களைந்த அமர்வும் தெளிவாக இருந்தது. எழுத்தை மாற்றி எழுதுவது கண் கோளாறு அல்ல என்பதையும், வண்ணக் கண்ணாடிகளும் வண்ணத் தாள்களும் வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்ததையும் சுற்றிவளைக்காமல் சொன்னார்கள். குறைபாடு இருப்பதாக முடிவு சொல்வது ஆசிரியரின் வேலை அல்ல என்றும், கவனித்ததைத் தேதியோடு எழுதிவைத்து, பெற்றோருடன் பேசி, உரிய வல்லுநரிடம் அனுப்புவதே நம் வேலை என்றும் வலியுறுத்தினார்கள். டிஸ்கால்குலியா எனப்படும் கணக்குக் குறைபாட்டுக்கு அரை அமர்வு மட்டும் ஒதுக்கியது போதாது.

ஐந்தாம் வாரத்தில் ஆளே மாறியதுபோல் இருந்தது. புதிதாக வந்த பயிற்றுநர் நட்சத்திர அட்டை, அமைதிக் கைச்சைகை, குழுப் புள்ளிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். வாசிக்கத் தெரியாததை மறைக்க எழுந்து நடக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து விதிமீறல்களை எண்ணும் நன்னடத்தை விளையாட்டு 1969 முதலே ஆய்வுக்கு உட்பட்டு வருகிறது, பல இடங்களில் பயனும் தந்திருக்கிறது. ஆனால் ஒரே பிள்ளையால் ஒரு குழு தொடர்ந்து தோற்றால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, பிள்ளைகள் தாமே பழகிக்கொள்வார்கள் என்ற பதிலே கிடைத்தது. நம்பிச் செய்துபார்த்தேன். மூன்றாம் நாளே அந்தப் பென்சில் சிறுவனுடன் உட்கார அவனுடைய குழுவில் யாரும் விரும்பவில்லை. அன்றே நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பிய பயிற்சித்தாளுக்கு, இரண்டு முறை நினைவூட்டியும், மறுமொழி வரவில்லை.

வகுப்பறை ஒழுங்கைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஜேக்கப் கூனின், சிறந்த ஆசிரியர்களை வேறுபடுத்துவது தவறு நடந்த பின் அவர்கள் கண்டிக்கும் விதம் அல்ல, வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்துக்கொண்டு தவறுக்கே இடம் தராதபடி பாடத்தைத் தடையின்றி நகர்த்துவதுதான் என்று 1970-இல் எழுதினார். கடைசி இரண்டு வாரங்களுக்கு அவர் எழுதியதே அடித்தளமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அவர் பெயர்கூட வரவில்லை. இத்தனைக்கும் அதற்குத் தேவையானவை இதே பயிற்சியின் முதல் பாதியில் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கண்டறிந்ததை மூன்றாம் வாரத்தில் வாசிப்புக் குறிப்பாகச் சொன்னார்கள். எனக்கு அது வகுப்பை அமைதிப்படுத்தும் வழியாகவும் பயன்பட்டது.

நானாகவே இரண்டு பாதிகளையும் இணைத்துக்கொண்டேன். வரிசை வாசிப்பை நிறுத்திவிட்டு முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறோம். பிறகு தனியே வாசிக்கப்போகும் பிள்ளைக்கு அதற்குரிய பத்தியை முந்தைய நாளே கொடுத்துவிடுகிறேன். நான்கு வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்றைச் சொல்லி, அதைக் கரும்பலகையில் சிறு படமாக வரைந்து, முடித்த பிறகே அடுத்ததைச் சொல்கிறேன். பென்சில் சீவும் நடை இப்போது வாரத்தில் ஓரிரு முறையாகக் குறைந்துவிட்டது. அப்போதும் பெரும்பாலும் பென்சில் உண்மையிலேயே மழுங்கியிருக்கிறது.

அமர்வுகளின் ஒளிப்பதிவுகள் பயிற்சி முடிந்த பின்னும் பார்க்கக் கிடைக்கின்றன. முதல் நான்கு வாரப் பயிற்சித்தாள்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, படித்துப் பார்த்து எழுதிய மறுமொழி வந்தது. அடுத்த அணிக்கு என் பள்ளியின் இரண்டாம் வகுப்பு ஆசிரியை பெயர் கொடுத்திருக்கிறார். அவரிடம் என் ரப்பர் வளையங்களையும் முதல் வாரக் குறிப்பேட்டையும் கொடுத்து, ஐந்தாம் வாரத்தில் என் கேள்வியை மறுபடியும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.