பிளஸ் டூ முடித்த மாற்றுத்திறனாளிப் பிள்ளையா? "ஓசூர் கம்பெனி கோட்டா" என்று வருபவரிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

பாலக்கோடு பக்கம், காது கேளாத பையன் ஒருவனின் வீட்டில் ரூ.8,500 போயிருக்கிறது. "சிப்காட் தொழிற்பேட்டையில் பெர்மனன்ட் வேலை, மாற்றுத்திறனாளி கோட்டா" என்று பேச்சு. பதிவுக்கு 1,500, மெடிக்கலுக்கு 2,000, ஹாஸ்டல் அட்வான்ஸ் 5,000. மூன்றும் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. கிடைத்தது லேபர் கான்ட்ராக்டரிடம் 3 மாதப் பயிற்சி. சூப்பர்வைசர் வாயால் சொல்வதை எழுதிக்காட்ட ஆளில்லை. தப்பு அதிகம் என்று 24ஆம் நாள் அனுப்பிவிட்டார்கள். மார்க் ஷீட்டும் மாற்றுத்திறனாளிச் சான்றும் இன்னும் அந்த ஏஜென்டிடம்.

கோட்டா என்பதே பொய். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4 சதவீத ஒதுக்கீடு அரசுப் பணியிடங்களுக்கு. அதுவும் பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு. தனியாரைச் சட்டம் ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. சான்றில் பாதிப்பு சதவீதத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவரும் உண்டு. அந்தச் சான்றைக் காட்டிச் சலுகை வாங்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட; முதலில் மாட்டுவது பிள்ளைதான்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை. "வேலைவாய்ப்பு ஆபீசில் பதிய வேண்டாம், கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று தடுத்துவிடுகிறார்கள். பதிந்து ஓராண்டு ஆன மாற்றுத்திறனாளிக்கு அரசு உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்புக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000. தள்ளிப்போட்டால் அந்த ஓராண்டும் தள்ளிப்போகும், சீனியாரிட்டியும் போகும். பதிவு இலவசம். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இலவசம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமிலும் காசு வாங்கமாட்டார்கள்.

சேருவதற்கு முன் ஆர்டரை எழுத்தில் கேளுங்கள். தலைப்பில் கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா? அப்ரன்டிஸ் என்றிருந்தால் அது உதவித்தொகையோடு பயிற்சி; பெர்மனன்ட் அல்ல, பிஎஃப் பிடிக்கமாட்டார்கள். தொழிலாளி என்றால் பிஎஃப்புக்கான யுஏஎன் எண்ணும், மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ எண்ணும் வர வேண்டும். இஎஸ்ஐக்கு மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. ஆகவே "உனக்கு இஎஸ்ஐ வராது" என்றால் விடாதீர்கள்.

அடுத்து வேலையிடம். காது கேளாதவருக்கு வேலை முறையைப் படமாகவோ வாட்ஸ்அப்பில் எழுத்தாகவோ தருவார்களா, அபாய மணிக்குப் பதில் விளக்கு எரியுமா? கால் பாதிப்பு என்றால் கம்பெனி பஸ் படிக்கட்டு எவ்வளவு உயரம், கழிப்பறையில் சக்கர நாற்காலி நுழையுமா? ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இதைக் கேட்டதும் எரிச்சல்படுகிற ஏஜென்ட் அந்தக் கம்பெனிக்குள் காலே வைத்திருக்கமாட்டார்.

சான்றுகளுக்கு ஜெராக்ஸ் போதும்; சரிபார்க்க ஒரிஜினல் கேட்டால் காட்டி, கையோடு வாங்கிவிடுங்கள். சம்பளக் கணக்கில் ஏஜென்டின் மொபைல் எண் இணைந்திருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். உடனே வங்கிக்குப் போய் மாற்றுங்கள்.

ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பியவர்கள் பரிவர்த்தனை எண்ணோடு சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழைக்கவும். தாமதித்தால் பணத்தை எடுத்துவிடுவார்கள். ஒரிஜினல் சிக்கியிருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதன் நகலை இணைத்து, தருமபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும், கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் பெயரையும் குறிப்பிட்டு மனு கொடுங்கள். மனு எண் தருவார்கள், பத்திரம்.