ஆரஞ்சு நிற கேப்சூலுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்

எனக்குச் சர்க்கரை நோய். சிறுநீரகத்தைக் காக்கும் என்று விற்கிற கேப்சூலை, வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து தம்பி இரண்டு பாட்டில் வாங்கிவந்தான். ஒன்று 1,450 ரூபாய், 60 கேப்சூல். முகப்பில் இரண்டு சிறுநீரகங்கள், சுற்றிலும் சாமி படத்துக்குப் போடுவது போல ஒளிவட்டம். இது எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ அல்ல என்று பின்புறம் பொடி எழுத்தில் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். மணியார்டர் படிவத்தின் பின்பக்கம்வரை படித்துப் பழகிய எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

உள்ளே வைட்டமின் இ 400 யூனிட், வைட்டமின் சி 1000 மில்லிகிராம், கொஞ்சம் மஞ்சள் சாறு. ஈரக் கையில் எடுத்தால் விரலில் ஒட்டும் மஞ்சள் கறை, சோப்புக்கும் அசைவதில்லை. விழுங்கினால் நெடுநேரம் நெஞ்சைக் கரிக்கும்.

விற்கிறவர்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. சர்க்கரை ஏறியே கிடந்தால் சிறுநீரகச் செல்களில் அவற்றைச் சிதைக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் பெருகும். வடிகட்டியின் நுண்சுவர் பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும். அப்படியானால் அந்த ரேடிக்கல்களை அடக்கும் வைட்டமின் இ, சி போன்ற ஆன்டி ஆக்சிடன்ட் விழுங்கினால் போதுமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஹோப் என்ற பெரிய ஆய்வில் நீரிழிவுக்காரர்களுக்கு இதே 400 யூனிட் வைட்டமின் இ-யைச் சராசரியாக நாலரை ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி இதயத்துக்கும் பலனில்லை, சிறுநீரகத்துக்கும் பலனில்லை. உடலின் சொந்தத் தற்காப்பைத் தூண்டிவிடும் பார்டாக்சலோன் மருந்தின் கதை இன்னும் மோசம்: இதயச் செயலிழப்பு கூடியதால் அதைச் சோதித்த பீக்கன் ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் சி-யோ அளவு மிஞ்சினால் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியக்கூடியது. காவலுக்கு வந்தவனே கன்னம் வைக்கிறான்!

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நிறுத்திவிடுங்கள் அம்மா" என்று சொல்லி, புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைச் சிறுநீரில் பார்க்க எழுதிக்கொடுத்தார். 30-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 84. இரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்றிருக்கும். இப்போது சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்குமான டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். 2020-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் போடுகின்றன. ஒரு மாதச் செலவு இந்த பாட்டிலைவிடக் குறைவு.

நான் கொடுத்த அந்த ஒரு நட்சத்திரமும் பாட்டிலின் மூடிக்குத்தான். ஐப்பசி மழையிலும் ஈரம் உள்ளே போகவில்லை.

பிரிக்காத பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் பணம் தர மாட்டாராம். பதிலுக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று பேரீச்சம்பழ டப்பாவைக் காட்டினார்.