கோயில் இடம் மாறிய வரைபடமும் மெட்டாடேட்டா பழக்கமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்தபோது பிளாக்குகள், லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்), கால்வாய்கள், மாரியம்மன் கோயில், சுடுகாடு எல்லாம் ஒரே எம்டிபி கோப்பில் இருந்தன. ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இதைப் பெர்சனல் ஜியோடேட்டாபேஸ் என்பார்கள். உள்ளே இருப்பது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்தான். 2 ஜிபிக்கு மேல் வளராது.

ஒரு தரவை யார், எப்போது, எப்படி உருவாக்கினார்கள் என்று சொல்லும் குறிப்புதான் மெட்டாடேட்டா. அந்தப் பக்கத்தை நான் ஒழுங்காகத் திறந்தது மறுநடவு வேலை வந்தபோதுதான். பழைய செம்பனையைச் சாய்க்க பேக்கோ (மண்வாரி இயந்திரம்) வருவதற்கு முன், தொடக்கூடாத இடங்களுக்குக் கொடி நட வேண்டும். வரைபடத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு போனோம். கோயில் புள்ளி மரங்களுக்கு நடுவில் நின்றது. உண்மையான கோயில் நூறு மீட்டருக்கும் அப்பால். கூட வந்த ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா, "கோயில் நகராது தம்பி, உன் படம்தான் நகர்ந்திருக்கு" என்றார்.

அலுவலகம் திரும்பி, ஆர்க்ஜிஐஎஸ்ஸோடு வரும் ஆர்க்கேட்டலாக்கில் டிஸ்கிரிப்ஷன் டேப்பைத் திறந்தால் வெறும் சுருக்கமும் குறிச்சொற்களும்தான். முதலில் தெரியும் ஐட்டம் டிஸ்கிரிப்ஷன் பாணி அவ்வளவுதான் காட்டும். கஸ்டமைஸ் மெனுவில் ஆர்க்கேட்டலாக் ஆப்ஷன்ஸ் போய், மெட்டாடேட்டா டேப்பில் பாணியை எஃப்ஜிடிசி என்றோ ஐஎஸ்ஓ 19139 என்றோ (இரண்டும் மெட்டாடேட்டா தரநிலைகள்) மாற்றினால் முழுப் பக்கமும் விரியும். அதில் ஜியோபிராசசிங் ஹிஸ்டரி, அதாவது தரவில் ஓட்டிய கருவிகளின் பதிவு, இருந்தது. எங்களுக்கு முன்பு வேலை செய்த ஒரு ஒப்பந்தக்காரர் டிஃபைன் புரொஜெக்‌ஷன் ஓட்டியிருந்தார். செய்திருக்க வேண்டியது புரொஜெக்ட். முன்னது ஆயத்தொலைவு முறையின் பெயரை மட்டும் மாற்றும், பின்னது எண்களையும் சேர்த்து மாற்றும். ஆள் மாறாமல் சட்டையில் பெயரை மட்டும் மாற்றித் தைத்த கதை: எண்கள் கெர்டாவ் ஆர்எஸ்ஓ என்ற பழைய மலேசிய ஆயத்தொலைவு முறையில் எடுத்தவை, மேலே ஒட்டிய பெயர் 2003-இல் வந்த புதிய முறையான ஜிடிஎம்2000. கெர்டாவ் என்று திருத்தி, பிறகு முறையாக மாற்றினேன். கோயில் தன் இடத்துக்கு வந்தது, சுடுகாடும் வந்தது. அந்த ஒரு வரி பதிவாகாமல் போயிருந்தால் எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் இல்லாத கணினியிலும் இதைப் படிக்க வழி உண்டு. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து ஆக்சஸில் திறந்து ஜிடிபி ஐட்டம்ஸ் அட்டவணைக்குப் போங்கள். நேம் பத்தியில் அடுக்கின் (லேயர்) பெயர், டாக்குமென்டேஷன் பத்தியில் எக்ஸ்எம்எல் வடிவில் மெட்டாடேட்டா. ஆர்க்ஜிஐஎஸ் பதிப்பு 10-க்கு முந்தைய கோப்பு என்றால் ஜிடிபி யூசர்மெட்டாடேட்டா அட்டவணையில் தேடுங்கள். மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்; அந்த அட்டவணைகளில் ஒரு வரி கலைந்தாலும் அடுக்கு திறக்காமல் போகலாம்.

அப்புறம் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். எம்டிபியைத் திறக்கும், ஆனால் விண்டோஸில் 64 பிட் ஆக்சஸ் டிரைவர் இருக்க வேண்டும். எங்கள் கணினியில் 32 பிட் ஆபீஸ் இருந்ததால் ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் புதிய வடிவமான ஆர்க்ஜிஐஎஸ் புரோ இந்த வகையைத் திறக்கவே திறக்காது. எம்டிபி வைத்திருப்பவர்கள் மாற்றும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜுக்கு மாற்றிவிட்டேன். அது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வடிவில் உள்ள ஒரே கோப்பு, மெட்டாடேட்டாவுக்கென்று உள்ளேயே அட்டவணை உண்டு. மாற்றும்போது பழைய குறிப்புகள் தாமாகக் கூட வரும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு அடுக்கின் எக்ஸ்எம்எல்லையும் தனியாகச் சேமித்து, முக்கியமானதைக் கையால் தட்டினேன். அலுப்பான வேலைதான், மூன்று வாரம் ஆனது. கியூஜிஐஎஸ் படிவத்தில் எனக்குப் பிடித்தது ஹிஸ்டரி பகுதி. வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், தமிழிலும் எழுதலாம்.

கோயில் அடுக்கில் அளந்த நாள், கருவி, ஆயத்தொலைவு முறை எல்லாம் எழுதிய பின், கடைசியாக ஐயா சொன்னதையும் சேர்த்தேன்: "பழைய பிரட்டுக்களத்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) வேப்பமரத்துக்குத் தெற்கே நாற்பது அடி. மரம் இப்போது இல்லை, அடிக்கட்டை இருக்கிறது."