பன்னிப் பண்ணைக்குக் காடி அடுப்பு: எதை வாங்கலாம், எங்கே ஏமாறுவோம்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், விளவங்கோடு, திருவட்டாறு வட்டங்களில் பன்றி வளர்க்கிறவர்கள் பலருக்குத் தீவனம் என்றால் ஓட்டல் காடிதான். மீந்த சோறு, சாம்பார், புரோட்டா, மீன் முள், கல்யாண மண்டபத்துப் பாயசம் எல்லாம் ஒரே வாளியில் வந்து இறங்கும். இந்தப் பச்சைக் காடியை அப்படியே தொட்டியில் ஊற்றுவதுதான் பண்ணையை ஒரே வாரத்தில் காலி செய்யக்கூடிய வேலை. வேகவைத்துக் கொடுக்க அடுப்பு வேண்டும். பட்டறையில் சொல்லிச் செய்யக்கூடியது மூன்று மாதிரி: மூன்று கல் மேல் வைத்த பேரல், துழாவி (கிளறும் துடுப்புத் தண்டு) பொருத்திய கொப்பரை, நீராவி அடுப்பு. நடுவில் உள்ளதே எங்கள் பரிந்துரை. ஆனால் அடுப்பை மட்டும் வாங்கிவிட்டு மற்றதை விட்டால் அந்தக் காசு வீண்.

ஏன் வேகவைக்க வேண்டும் என்பதில் பலருக்கும் தெளிவில்லை. புளித்த நாற்றம் போவதற்காக அல்ல. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பன்றி இறைச்சியிலேயே உட்கார்ந்து வரும். குளிர்பெட்டியில் வைத்த இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஓட்டலில் நறுக்கி ஒதுக்கிய பச்சைக் கொழுப்பும், அரைவேக்காட்டுத் துண்டும் காடியில் கலந்தால் போதும். 2020-ல் அசாமிலும் அருணாசலத்திலும் கண்டறியப்பட்ட நோய், 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடிக்கு வந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிடம் உறுதியானது. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்து இல்லை, நம் நாட்டில் போட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இல்லை. உறுதியானால் சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொன்று புதைப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும்தான் 2020-ல் மத்திய அரசு வகுத்த திட்டம். அதாவது உங்கள் வாளியில் வந்தது பக்கத்து விளைக்காரரின் பண்ணையையும் கொண்டுபோகும். கோமாரியும் இதே வழியில் பரவும். 2001-ல் பிரிட்டனையே புரட்டிப்போட்ட கோமாரிக்கு, சரியாக வேகவைக்காத காடி கொடுத்த ஒரு பன்றிப் பண்ணைதான் தொடக்கம் என்று அங்கே முடிவு செய்தார்கள். அந்த ஆண்டே காடி கொடுப்பதை மொத்தமாகத் தடைசெய்தார்கள். நம் ஊரில் வேகவைக்க இன்னும் வழி இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

எவ்வளவு சூடு? உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் விதி: குறைந்தது 90 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம், துழாவிக்கொண்டே. அமெரிக்காவின் 1980-ம் ஆண்டுச் சட்டப்படி 100 டிகிரியில் 30 நிமிடம். எதைப் பின்பற்றினாலும் நேரக் கணக்கு தொடங்குவது அந்தச் சூடு எட்டிய பிறகு, தீ மூட்டிய நேரத்திலிருந்து அல்ல. அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

இனி அடுப்புகள். மூன்று கல் மேல் 200 லிட்டர் பேரல் மலிவு, யாரும் செய்துவிடலாம். ஆனால் காடி தண்ணீர் இல்லை, கூழ். அடியில் சோறு கருகிப் பிடிக்கும், மேலே விரலை விட்டால் சுடாது. ஓரத்தில் நுரை பொங்குவதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள், நடுவில் உள்ள சோற்றுக்கட்டி அப்போது 50 டிகிரியைக்கூடத் தாண்டியிருக்காது. விறகுச் செலவும் அதிகம். 150 கிலோ காடியை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 41 மெகாஜூல் வேண்டும். திறந்த அடுப்பில் வெப்பத்தில் ஆறில் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறும் என்று வைத்தால், காய்ந்த விறகு 18 கிலோ அதற்கே போகும். ஒரு மணி நேரம் சூட்டைப் பிடித்து நிறுத்த இன்னும் 6 கிலோ. நாலு பக்கமும் செங்கல் கட்டி, புகைக்குழாய் வைத்து, கீழே இரும்புச் சட்டம் போட்ட அடுப்பில் இது பாதியாகும். ரப்பர் விறகும் கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) விளையிலேயே, அதாவது தோட்டத்திலேயே கிடைக்கிற ஊர் என்பதால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் விறகு செலவாகிறதே என்றுதான் கடைசி அரைமணி நேரத்தை வெட்டுகிறார்கள். அதனால்தான் அடுப்பின் கட்டு முக்கியம்.

பேரல் வாங்கும்போது இன்னொன்று. முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாத பேரலைத் தொடாதீர்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த பேரலைக் கழுவினாலும் உள்ளே ஒட்டிய பூச்சு சூட்டில் உருகிக் காடியில் இறங்கும். நாகப் பூச்சு பூசிய தகரமும் கூடாது. புளித்த காடியின் அமிலம் நாகத்தைக் கரைத்து இறக்கும்.

துழாவி வைத்த கொப்பரைதான் 20 முதல் 60 பன்றி வரை உள்ள பண்ணைக்குச் சரி. 200 லிட்டர் கொள்ளளவு, அதில் 150-க்கு மேல் ஊற்றக் கூடாது. பொங்கினால் தீ அணையும், தரையெல்லாம் பச்சைக் காடி. அடித்தகடு 5 மில்லிமீட்டர், பக்கம் 3 மில்லிமீட்டர் என்று சொல்லிச் செய்யுங்கள். உப்பும் புளிப்பும் சேர்ந்து மெல்லிய தகட்டைச் சில மாதங்களில் ஓட்டையாக்கிவிடும். பட்டறையில் இரும்புக்குக் கிலோ கணக்கில்தான் பணம், எனவே தராசில் வைத்துச் சரிபார்க்கலாம். 57 சென்டிமீட்டர் விட்டம், 88 சென்டிமீட்டர் உயரத்தில் இந்தத் தடிமனுக்கு வெறும் கொப்பரை மட்டும் 47 கிலோ வரும். 30 கிலோதான் இருந்தால் தகட்டில் ஏமாற்றியிருக்கிறார்கள். சாதாரணப் பேரல் 20 கிலோவைத் தாண்டாது.

துழாவியின் தண்டு மேலிருந்து தொங்க வேண்டும். அடியில் துளை போட்டுத் தண்டை ஏற்றும் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு துடுப்பு, அடியிலிருந்து 1 சென்டிமீட்டர் இடைவெளி. அதற்கு மேல் இடைவெளி விட்டால் கருகும், குறைத்தால் எலும்பு சிக்கி நின்றுவிடும். தண்டில் வாழை இலை நாரும் பொட்டலம் கட்டிய நூலும் சுற்றிக்கொள்வது தினமும் நடக்கும், நிறுத்திக் கத்தியால் அறுத்தெடுக்கத்தான் வேண்டும். கையால் சுற்றினால் போதும், மோட்டார் கட்டாயமில்லை.

வால்வில்தான் பெரும்பாலான பட்டறைகள் தவறுகின்றன. 2 அங்குல கேட் வால்வு போட்டால் முதல் வாரமே சோறும் முள்ளும் அடைக்கும். 3 அங்குல பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு) கேளுங்கள். அதைவிட முக்கியம், கொப்பரைக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள குழாய்த்துண்டு. அதில் தங்கும் காடி தீயிலிருந்து விலகி நிற்பதால் வேகவே வேகாது. கொப்பரையில் நூறு டிகிரி காட்டினாலும் முதலில் வெளியே வருவது பச்சைக் காடிதான். எனவே நேரக்கணக்கு தொடங்குமுன் ஒரு வாளி திறந்துவிட்டு அதை மேலே ஊற்றுங்கள், அந்த வாளியை வேகாத காடி இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள். பாதி நேரத்தில் இன்னொரு தடவை. குழாய்த்துண்டை முடிந்த அளவு குட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

சூடு பார்க்க நீளக் கம்பி வைத்த டயல் தெர்மாமீட்டர் போதும், 120 டிகிரி வரை காட்டுவது. கம்பி கொப்பரையின் மேல்பகுதியில், நடுவில் நிற்க வேண்டும். அடியில் வைத்தால் நல்ல எண் காட்டும், உண்மை காட்டாது. மாதம் ஒருமுறை வெறும் கொதிநீரில் விட்டுப் பாருங்கள், 98-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள்.

நீராவி அடுப்பு நல்லது, கருகாது, ஒரேபோல வேகும். 150 கிலோ காடிக்கு ஏறத்தாழ 18 கிலோ நீராவி தண்ணீராகி உள்ளே சேரும், எனவே காடியைக் கெட்டியாக ஊற்ற வேண்டும். 25 லிட்டருக்கு மேல், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறையாத அழுத்தத்தில் ஓடும் கொதிகலனுக்குக் கொதிகலன் சட்டம் பொருந்தும், பதிவும் சோதனையும் வேண்டும். பட்டறையில் பற்றவைத்த, பாதுகாப்பு வால்வு இல்லாத கலனை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். நூறு பன்றிக்கு மேல் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

அடுப்பால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. பச்சைக் காடி வந்த வாளியிலேயே வெந்ததை அள்ளினால் ஒரு மணி நேர விறகும் வீண். கொப்பரையை நடுச்சுவரில் பதித்து, ஒரு பக்கம் ஊற்றுவது, மறுபக்கம் வால்வு என்று கட்டுங்கள். முட்டளவு சுவர் போதாது, ஆள் உயரம் வேண்டும். வேகாத பக்கத்துக்குச் சிவப்பு நிற வாளி, வெந்த பக்கத்துக்குப் பச்சை நிற வாளி. கரண்டி, செருப்பு, துடைப்பம் எல்லாம் தனித்தனி. காடி கொண்டுவரும் வண்டி பன்றிக் கொட்டகைக்கு அருகே வரக் கூடாது. நாயும் காக்கையும் எலியும் பச்சைப் பக்கத்திலிருந்து துண்டைக் கவ்விக்கொண்டு கொட்டகைக்குள் போகும், எனவே கம்பிவலை அடித்தே ஆக வேண்டும். ஜூனிலும் அக்டோபரிலிருந்தும் என இரண்டு மழையும் உள்ள மாவட்டம். கூரையில்லாமல் வைத்தால் பச்சைக் காடி கழுவி ஓடும். தரைச்சரிவு உறிஞ்சுகுழிக்குப் போகட்டும், பட்டணங்கால் வாய்க்காலுக்கோ கிணற்றுப் பக்கமோ வேண்டாம்.

வேகவைக்கும் முன் பிரிக்க வேண்டும். கட்டிய சாம்பார்ப் பொட்டலத்தின் உள்ளே சூடு சமமாக ஏறாது, பிளாஸ்டிக்கும் உருகிக் கலக்கும். பல்குத்தி, கண்ணாடி, அலுமினியத் தாள், ஊசிப் பின் எல்லாம் குடலைக் கிழிக்கும். பெரிய இறைச்சித் துண்டை 5 சென்டிமீட்டருக்குள் வெட்டிப் போடுங்கள். கோழிக்கடைக் குடலும் இறகும் காடி அல்ல, அதை ஏற்காதீர்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் அதிகம் வந்தால் உப்பு நஞ்சாகும். பன்றி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வலிப்பு வரும். அந்த நாளில் குடிதண்ணீர் தடையின்றி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாகத்தோடு இருக்கும் பன்றிதான் இதில் சாகும்.

வெந்ததை 40 டிகிரிக்குக் கீழே ஆறவைத்து அன்றே கொடுங்கள். ராத்திரி வைத்து மறுநாள் கொடுத்தால் மறுபடி கெட்டிருக்கும். காடியில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான், 2 கிலோ உலர்தீவனத்துக்கு ஈடாக 8 கிலோ போல வேண்டும். அரிசித் தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை சேர்க்காமல் எடை ஏறாது. பால் மறந்த குட்டிகளுக்குக் காடி வேண்டாம்.

மிஞ்சிய எலும்பையும் கெட்டுப்போன இறைச்சியையும் வேலி போட்ட ஆழக்குழியில் சுண்ணாம்பு தூவி, மேலே 60 சென்டிமீட்டர் மண் மூடிப் புதையுங்கள். செத்த பன்றி கொப்பரைக்குப் போகவே கூடாது, ஓடைக்கும் போகக் கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று சாய்ந்தால் விற்கவோ அறுக்கவோ செய்யாமல் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். 2009-ம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி தெரிவிப்பது உரிமையாளரின் கடமை.

காடி எடுக்கும் இடத்தையும் பாருங்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகக் கழிவு ஏற்றி வந்து பிடிபடும் வண்டிகளைப் பற்றி நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத டெம்போ காடி சும்மா வந்தாலும் வேண்டாம். பக்கத்து ஓட்டல் நாலைந்தோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: பச்சை இறைச்சி தனி, பிளாஸ்டிக் தனி, ஒவ்வொரு நாளும் எடுப்பது. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நாளுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு வரும் இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வைத்தன. அதைச் சொல்லிக் கேட்கலாம்.

கழுவும்போது முதலில் சோப்பும் தண்ணீரும், அழுக்குப் போன பிறகே 2 சதவீதக் காஸ்டிக் சோடா, அரைமணி நேரம். கையுறை, கண்ணாடி கட்டாயம். அழுக்கின் மேல் மருந்தை ஊற்றினால் வேலை செய்யாது. பட்டறைக்குப் போகும்போது கேட்க வேண்டியது: 5 மில்லிமீட்டர் அடி, மேலிருந்து தொங்கும் துழாவி, 3 அங்குல பால் வால்வு, குட்டைக் குழாய், சுவரில் பதிக்க நாலு காது (பிடிப்புத் தகடு). தெர்மாமீட்டர் நுழைக்க அரை அங்குல சாக்கெட்டை மூடியின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில், துடுப்பில் படாத உயரத்தில் பற்றவைக்கச் சொல்லுங்கள். பிறகு துளை போட்டால் மூடி வளையும்.