ஒமிப்ரசோல் கேப்சூல்: எரிச்சலை அடக்கும், காரணத்தை மறைக்கும்

மேல்வயிற்று எரிச்சலுக்காக நான் ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் கேப்சூலை உட்கொள்ளத் தொடங்கியபோது, முதல் வாரத்தில் அதன்மேல் பெரிய மதிப்பு எதுவும் தோன்றவில்லை. பிழை மருந்தில் இல்லை. வயிறு எரிந்த பிறகு, அதுவும் சாப்பிட்டு முடித்த பின், சாதாரண அமிலமுறி மருந்தைப் போல அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒமிப்ரசோலோ ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிப்பதில்லை. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் புரோட்டான் பம்புகள் என்னும் புரதங்களைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடுகிறது. உணவின் தூண்டுதலால் இயங்கிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அதனால் பிடிக்க முடியும் என்பதால், சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பே அது உள்ளே சென்றிருக்க வேண்டும். காலை உணவுக்கு முன் என்று நேரத்தை மாற்றிய நான்காம் நாள் எரிச்சல் அடங்கியது. கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளுக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. அவற்றை மெல்லவோ நசுக்கவோ கூடாது.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். எரிச்சல் போனதை, அதற்குப் பின்னால் இருக்கும் இரைப்பை அழற்சியே குணமானதாக எண்ணிக்கொள்ளும் அளவுக்கு இந்த மருந்து இதமாக வேலை செய்கிறது. இரைப்பையின் உட்படலம் புண்படுவதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் முக்கியக் காரணங்கள், மதுவும் உண்டு. இவற்றில் எதையும் கேப்சூல் நீக்குவதில்லை. (ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது 1988இல், அதற்கு முன்பே, 1984இல், ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டிவிட்டார். சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2005இல்தான்.)

என் விஷயத்தில் கேப்சூல் காரணத்தை மறைக்கவும் செய்தது. யூரியா கலந்த நீரைக் குடித்து, பாக்டீரியா அதைச் சிதைப்பதால் மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவை அளக்கும் சோதனையில், எனக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. ஒமிப்ரசோல் பாக்டீரியாவை ஒடுக்கி வைப்பதால் சோதனைக்கு 2 வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதைப் பரிசோதனைக்கூடத்தில் எவரும் சொல்லவில்லை. கேப்சூல் அட்டையிலும் அப்படி ஒரு வரி இல்லை. மருத்துவர் சொன்னபடி நிறுத்தினேன். அடக்கி வைத்த சுரப்பு மீண்டும் பெருகியதால் அந்த 2 வாரங்கள் முன்னைவிட மோசமாகவே கழிந்தன. மறுசோதனையில் தொற்று உறுதியானது.

அதன்பின் 14 நாள் ஆன்டிபயாடிக் சிகிச்சை. அதிலும் இதே ஒமிப்ரசோல், நாளுக்கு இருமுறை, துணை மருந்தாக இடம்பெற்றது. அமிலம் தணிந்தால் ஆன்டிபயாடிக்குகள் நன்றாக வேலை செய்யும் என்பதால், மருந்தின் மிகச் சிறந்த பயன்பாடு இதுவே என்பது என் மதிப்பீடு. மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு குறையக்கூடும். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ கேப்சூலைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து 4 வாரங்கள் கழித்து, இம்முறை ஒமிப்ரசோலை உரிய காலத்தில் நிறுத்திவிட்டுச் செய்துகொண்ட மூச்சுச் சோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது.