ஆடு யாரிடம், நெய் யாருக்கு?

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிக் கேரளத்துக்குள் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், சம்பளத்துக்குக் கோயம்புத்தூர். இங்கே பத்து வருடமாக ஒரு படிப்பு உதவிப் பணம் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் வசூல், ஜூலைக்குள் பிள்ளைகளின் ஃபீஸ், நோட்டு என்று செலவு. பாஸ்புக் ஒரே ஒருவர் பேரில். அவர் திடீரென்று தவறியதும், ஊர்ப்பணம் பாங்குக் கணக்கில் அவருடைய வாரிசுகளின் பணம் ஆகிவிட்டது. நல்ல மனுஷர்கள்தான், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் காகிதமெல்லாம் சரியாகிக் கைக்கு வர ஒன்றரை வருடம். அதற்குள் இரண்டு பிள்ளைகள் பாலிடெக்னிக்கை விட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாகிவிட்டது.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்யலாம் என்று மாஷ் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். மாஷ் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெளிநாடுகளில் ஊர் ஊராக அறக்கட்டளை வைத்து அதை நாடு முழுக்க ஒரு வலையாகக் கோத்திருக்கிறார்களே, அதைப் படித்துவிட்டு நான் நாலு பக்கம் குறிப்போடு போயிருந்தேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. ஆட்டை வெச்சுக்கப் போறமா, அடிச்சுத் திங்கப் போறமா? அதைச் சொல்லு முதல்ல."

சோழர் காலக் கல்வெட்டுகளைச் சொல்கிறார். கோயிலில் நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஒருவர் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார். இடையர் அதை வாங்கிக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போடும், கிழடு சாகும், ஆனால் கணக்கில் ஆடு அதே எண்ணிக்கைதான். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டியிருப்பார்கள்: சாகாத, மூப்படையாத ஆடு. நெய்யைத் தொடலாம், ஆட்டைத் தொடக்கூடாது. மூலநிதி என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் பழைய வசூலில் வருடா வருடம் ஆட்டையே அடித்துத் தின்றுகொண்டிருந்தோம்.

ஊருக்குப் பொதுவாக ஒரு மூலநிதி என்ற அறக்கட்டளை அமெரிக்காவில் 1914-இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. ஃபிரெட்ரிக் காஃப் என்ற வங்கிக்காரர், செத்தவர்கள் உயில் எழுதி வைத்த பணமெல்லாம் காலாவதியான காரியங்களுக்குக் கட்டுண்டு கிடப்பதைப் பார்த்தார். பல பேர் கொடுப்பதை ஒரே நிதியாகச் சேர்த்து, எதற்குச் செலவு என்பதை அந்தந்தக் காலத்து ஊர்க்குழு முடிவு செய்யட்டும் என்றார். நம் கல்வெட்டுக்கும் இதற்கும் இங்கேதான் இடிக்கிறது. நம்முடையது சந்திர சூரியர் உள்ளவரை அதே விளக்கு. காஃப் சொன்னது: ஆடு நிரந்தரம், விளக்கை மாற்றிக்கொள்ளலாம். கரண்டு வந்த பிறகும் நெய் அளந்துகொண்டிருக்க வேண்டாம் அல்லவா? இதில் நான் காஃப் பக்கம். மாஷ் இல்லை.

இந்த யோசனையை மூன்று நாடுகள் மூன்று விதமாக வலையாக்கின. கனடாவில் கீழிருந்து மேலே. 1921-இல் வின்னிபெக்கில் வில்லியம் ஃபோர்ப்ஸ் அல்லோவே என்ற வங்கிக்காரர் ஒரு லட்சம் டாலர் போட்டு ஆரம்பித்தார். மூன்று வருடம் கழித்து வந்த இரண்டாவது நன்கொடை ஒரு கவர். உள்ளே மூன்று தங்கக் காசு, மொத்தம் பதினைந்து டாலர். கொடுத்தவர் பேர் இல்லை. அந்த அறக்கட்டளை இன்றைக்கும் லட்சத்தைவிட அந்தப் பதினைந்தைத்தான் அதிகம் சொல்லிக்கொள்கிறது. வான்கூவரிலும் 1943-இல் இதே மாதிரி. ஆலிஸ் மெக்கே என்ற பெண் சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஆயிரம் டாலர்தான் வித்து. அதைக் காட்டித்தான் பெரிய இடத்தில் பெரிய தொகைகள் திரட்டினார்கள். இப்படி ஊர் ஊராக முளைத்தவை ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு தேசியச் சங்கம் வைத்துக்கொண்டது 1992-இல். இன்று அதில் இருநூறுக்கும் மேல். சங்கம் யாருக்கும் முதலாளி இல்லை, பணமும் முடிவும் ஊரிடமே.

பிரான்ஸ் நேர் எதிர். புரட்சிக்குப் பிறகு அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவே நிற்கும் எந்த அமைப்பையும் சந்தேகத்தோடு பார்த்த நாடு. தனி அறக்கட்டளைக்கு அரசாணை வாங்குவது அங்கே லேசான வேலை இல்லை. அதனால் 1969-இல் அரசே முன்கை எடுத்து, வங்கிகளிடம் மூலதனம் திரட்டி, 'ஃபோந்தாசியோன் த ஃபிரான்ஸ்' என்று ஒரே பெரிய கூரையைப் போட்டது. பணம் உள்ளவர் அந்தக் கூரைக்குக் கீழே தன் பேரில் ஒரு சின்ன அறக்கட்டளை திறந்துகொள்ளலாம். கணக்கு, தணிக்கை, சட்டம் எல்லாம் கூரைக்காரர் பாடு. இப்போது தொள்ளாயிரத்துக்கும் மேல் அதற்குள் குடியிருக்கின்றன. (கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. பிறந்ததும் அதே 1969. எங்கள் ஊரில் அரசு நடத்தும் குறி, அதாவது சீட்டு, என்றால் வரும் நம்பிக்கை அங்கே இதற்கு வந்திருக்கிறது.)

ஜெர்மனி தாமதமாக வந்தது. 1996 கடைசியில் கியூட்டர்ஸ்லோவில் பெர்டெல்ஸ்மான் பதிப்பகத்தின் ரைன்ஹார்ட் மோன் பெரிய தொகை கொடுத்து ஒன்று. அடுத்த வருடம் ஹனோவரில் முப்பத்தோரு பேர் சேர்ந்து போட்டு இன்னொன்று. பணக்காரர் வைத்ததா, ஊர் வைத்ததா என்ற பேச்சு இப்படி வாசலிலேயே எழுந்தது. 2000-இல் பத்து அடையாளங்கள் வகுத்தார்கள். ஒரு கட்சியோ கம்பெனியோ ஒரே நன்கொடையாளரோ ஆளக்கூடாது, கணக்கு வெளியே தெரிய வேண்டும், இந்த மாதிரி. பத்தும் இருந்தால் முத்திரை உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்போது இருக்கிறது.

திண்ணையில் இதைச் சொல்லி முடிக்கும்போதே, எண்ணெய் மில் வைத்திருக்கும் அண்ணன் தொண்டையைச் செருமினார். "மூணு லட்சம் நான் தர்றேனுங்க. எங்கப்பா பேரு வெச்சுருங்க." ஆக ஹனோவரா, கியூட்டர்ஸ்லோவா என்பது எங்களுக்கும் வாசலிலேயே வந்துவிட்டது. பேர் வைத்தால் மற்றவர்கள் ஐந்நூறு ரூபாய்கூடப் போட மாட்டார்கள், அது அவர் வீட்டுக் காரியம் ஆகிவிடும். வைக்காவிட்டால் மூன்று லட்சம் போகும். பிரெஞ்சு வழி இங்கேதான் கை கொடுத்தது: பெரிய நிதி ஊர் பேரில், அதற்குள் அவர் அப்பா பேரில் தனித் தலைப்பு. அண்ணன் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஜெர்மனியிடம் கற்க வேண்டியது முத்திரையைவிட அவர்கள் பட்ட ஓர் அடி. 2010-களில் ஐரோப்பாவில் வட்டி கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்தபோது, வட்டியை நம்பியிருந்த சின்ன அறக்கட்டளைகள் கையைப் பிசைந்தன. ஆடு நிற்கிறது, மடியில் பால் இல்லை. அவற்றில் பலவற்றைத் தாங்கியது ஊர்க்காரர்கள் பணத்துக்குப் பதில் கொடுத்த நேரம்: பாடம் சொல்லித் தருவது, முதியோரைக் கூட்டிப் போவது.

நமக்கு வட்டி உண்டு, தொல்லை வேறு. மூலநிதி ஐந்து லட்சம், ஏழு சதவீதம் வட்டி என்று வைப்போம். வருடம் முப்பத்தையாயிரம். வரிவிலக்குப் பதிவு வாங்கினால் வருமானத்தில் 85 சதவீதத்தைக் காரியத்துக்குச் செலவழித்தாக வேண்டும். நிபந்தனையில்லாமல் நிறுத்திக்கொள்ள முடிவது 15 சதவீதம், அதாவது 5,250 ரூபாய். விலைவாசி வருடம் ஐந்து சதவீதம் ஏறினாலே மூலநிதியின் மதிப்பைக் காக்க 25,000 வேண்டும். ஆடு சாகவில்லை, ஆனால் மூத்துப்போகிறது. கல்வெட்டுக்காரன் 'சாவா' என்பதோடு நிறுத்தாமல் 'மூவா' என்றும் ஏன் வெட்டினான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதற்கு ஒரே வழி, கொடுப்பவர் 'இது மூலநிதிக்கு' என்று கைப்பட எழுதித் தருவது. அப்படி வந்த பணம் அந்த 85 கணக்கில் சேராது. சட்டம் சொல்லும் வங்கி, தபால் நிலையம், அரசுப் பத்திரம் போன்ற இடங்களில்தான் போட்டு வைக்க வேண்டும். குறியில் போடக்கூடாது என்றதும் திண்ணையில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கியது.

டிரஸ்டா, சங்கமா என்பதில் அதிகம் மெனக்கெடவில்லை. டிரஸ்டை எழுதுவது சுலபம், ஆனால் நாலு டிரஸ்டி கையில் போய்விடும். சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும், பொதுக்குழு கூட்ட வேண்டும். ஒரே பாஸ்புக்கில் சூடு கண்ட ஊருக்குச் சங்கமே சரி. எங்கள் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சீமை என்பதால் 1955-ஆம் வருடத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம். பக்கத்துப் பாலக்காடு மலபாராக இருந்ததால் அங்கே 1860-ஆம் வருடத்துச் சட்டம். ராஜாக்கள் போயும் எல்லை போகவில்லை.

வலை என்று பார்த்தால் என் ஓட்டு கனடாவுக்கு, அதிலும் வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்துக்கு. அங்கே சின்ன ஊர் அறக்கட்டளைகள் பல, தங்கள் மூலநிதியை வின்னிபெக் அறக்கட்டளையிடம் கொடுத்துச் சேர்த்து முதலீடு செய்யச் சொல்கின்றன. யாருக்கு உதவி என்பதை மட்டும் தாங்களே முடிவு செய்கின்றன. மந்தை ஒன்று, நெய் அவரவர் ஊரில். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று சுற்றுவட்டாரம் சேர்ந்தால் எங்களாலும் முடியும். மாஷ் ஒரே வரியில் மறுத்தார்: "பக்கத்து ஊர்க்காரன் நம்ம ஆட்டை மேய்ப்பானா? முதல்ல பட்டி போடு."

போட்டோம். மூலநிதிக்கு முதலில் வந்தது அண்ணனின் மூன்று லட்சம். இரண்டாவதாக, எங்கள் கூட்டத்துக்கு டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த அக்கா ஐந்நூறு ரூபாய் நீட்டினார். எழுதித் தர வேண்டும் என்றதும் என் பேனாவை வாங்கி, துண்டுச்சீட்டில் எழுத்துக் கூட்டி எழுதினார்: 'ஆட்டுக்கு.' ஆடிட்டர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு மாதிரி எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.